சி2 எலும்பில் 3.8 மி.மீ. என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, இதில் எப்படி ஸ்க்ரூ போடுவார்கள்?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. ரொம்ப வருடமாக முடக்குவாதம், ருமட்டாய்டு வகை, அதற்கு ஸ்டீராய்டு எடுக்கிறார். கை விரல்களெல்லாம் கோணிப்போய் அதோடேயே பழகிவிட்டார். இந்த வருடம் ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியவில்லை, சில்லறைக் காசை எண்ணும்போது கை நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது என்றதும் அவரைப் பார்க்கிற மூட்டு டாக்டர் இது மூட்டால் வருகிற சிரமம் இல்லை, கழுத்தைப் பார்க்கணும் என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். முதல் கழுத்தெலும்பு (சி1) இரண்டாவதின் (சி2) மேல் முன்பக்கமாக நழுவி, தண்டுவடம் நசுங்குகிறது என்று வந்தது.

சர்ஜன் பின்பக்கமாகத் திறந்து சி1, சி2 இரண்டையும் ஸ்க்ரூ, ராடு வைத்துச் சேர்க்கணும் என்கிறார். அதற்கு முன்னால் மெல்லிய ஸ்லைஸ் சிடியும், ரத்தக்குழாய்க்கு ஊசி போட்டு எடுக்கிற சிடி ஆன்ஜியோவும் வேண்டும் என்றார், எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில் வலது சி2 பெடிக்கிள் (எலும்பின் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் இணைக்கிற தூண் மாதிரிப் பகுதி) 6.1 மி.மீ., இடது 3.8 மி.மீ., இடப்பக்கம் ‘ஹை ரைடிங் வெர்டிப்ரல் ஆர்ட்டரி’ என்று போட்டிருக்கிறது, அதாவது கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் உயரமாக வளைந்திருக்கிறதாம். சர்ஜன் தன் லேப்டாப்பில் அதே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடது 3.1தான் வரும், அந்தப் பக்கம் வேறு மாதிரி போட்டுக்கொள்ளலாம் என்றார். வெளியே அவ்வளவு கூட்டம், அதற்குமேல் கேட்க முடியவில்லை.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது சிடி எதற்கு? ஒரே படத்தில் ஒருவருக்கு 3.8, இன்னொருவருக்கு 3.1 என்றால் யாரை நம்புவது? அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர் என்று பேசுகிற இடத்தில் ஸ்க்ரூ போடலாமா? பயமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நெல்லைச்சீமை எழுதியது:

சகோ, அவசரப்பட்டு ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். எங்கள் மாமாவுக்குக் கழுத்து வலி வந்தபோது ஊரில் ஒருவர் எண்ணெய் தேய்த்துக் கழுத்தைத் திருப்பி எடுத்துவிட்டார், இன்றுவரை நன்றாக இருக்கிறார். ஒரு தடவை காட்டிப் பாருங்கள்.


தண்டுவடம் எழுதியது:

நான் கோவைப் பக்கம் முதுகெலும்பு சர்ஜன். முதலில் மேலே சொன்ன யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதைவிட இது அவசரம். உங்கள் அம்மாவின் கழுத்தை யாரும் திருப்பவோ இழுக்கவோ கூடாது. எண்ணெய் போட்டும் வேண்டாம், சலூனில் சொடக்கு எடுப்பது போலவும் வேண்டாம், டிராக்‌ஷன் பெல்ட்டும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். நெல்லைச்சீமை நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அவர் மாமாவுக்கு இருந்தது சாதாரணப் பிடிப்பாக இருக்கலாம். இங்கே சி2வின் மேல்நோக்கிய முளையை சி1 வளையத்தோடு கட்டி வைத்திருக்கும் குறுக்குத் தசைநார் முடக்குவாதத்தால் தளர்ந்துவிட்டது. அந்தக் கட்டு இல்லாத கழுத்தை வெளியிலிருந்து திருப்பினால் முளை நேராகத் தண்டுவடத்தில் போய் அழுத்தும். கழுத்துக்குக் காலர் போட்டிருந்தால் அதைக் கழற்றாமல் இருக்கட்டும். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும் கழுத்து இப்படி இருக்கிறது என்று அந்த டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தொண்டையில் குழாய் போடும்போது தலையைப் பின்னால் சாய்ப்பார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தைக் காட்டும், சிடி எலும்பைக் காட்டும், இரண்டும் வேண்டும். முடக்குவாதத்தில் முளைக்குப் பின்னால் வீங்கின திசு சேரும், பன்னஸ் என்போம். எக்ஸ்ரேயில் முளையின் பின்பக்கத்திலிருந்து சி1 வளையத்தின் பின்வளைவு தொடங்கும் இடம் வரை அளந்தால் 12 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 மி.மீ.யைப் பன்னஸ் எடுத்துக்கொண்டால் தண்டுவடத்துக்கு மிஞ்சுவது 9. இது எம்.ஆர்.ஐ.யில் மட்டும்தான் தெரியும். அந்த எலும்பு இடைவெளி 14 மி.மீ.க்குக் கீழே போனால் கவலைப்படணும் என்பது முடக்குவாதக் கழுத்துகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1993இல் வெளியான ஆய்விலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. பெரியவர்களுக்கு முளைக்கும் சி1இன் முன்வளைவுக்கும் நடுவே 3 மி.மீ.க்குமேல் இடைவெளி இருக்கக்கூடாது, குழந்தைகளுக்கு 5 வரை விடலாம். அம்மாவுக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள், இரண்டு நிலையிலும் இந்த அளவு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். நழுவல் தானாக உள்ளே போகிறதா, ஆபரேஷன் மேஜையில் கொண்டுவர வேண்டியிருக்குமா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆபரேஷன் தேவையா என்பதை இந்த அளவுகளும் அறிகுறிகளும் எம்.ஆர்.ஐ.யும் சொல்லும். ஸ்க்ரூவை எந்த வழியாக விடுவது என்பதை சிடிதான் சொல்லும். கழுத்தில் நாங்கள் வழக்கமாகப் போடும் ஸ்க்ரூ 3.5 மி.மீ. தடிமன். பெடிக்கிள் 3.8 இருக்கிறதே, 3.5 உள்ளே போகுமே என்று தோன்றும். ஆனால் அந்த 3.8இல் இரண்டு பக்கத்துக் கெட்டி ஓடும் சேர்த்தி. அந்த ஓடுகளைக் கழித்தால் நடுவில் இருக்கிற மெத்தென்ற எலும்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உள்பக்கம் ஓடு தாண்டிப் போனால் தண்டுவடம், வெளிப்பக்கம் ஓடு தாண்டிப் போனால் வெர்டிப்ரல் ஆர்ட்டரி. கழுத்தெலும்பில் வெளிப்பக்க ஓடு உள்பக்கத்தைவிட மெல்லியது, ஸ்க்ரூ விலகினால் அந்தப் பக்கம்தான் விலகும், ரத்தக்குழாயும் அங்கேதான் இருக்கிறது. அதனால் 3.8 ஆனாலும் 3.1 ஆனாலும் அம்மா விஷயத்தில் முடிவு ஒன்றுதான்: இடப்பக்கம் பெடிக்கிள் வழி கிடையாது. உங்கள் சர்ஜன் சொன்னது சரி.

‘வேறு மாதிரி’ என்றது அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். ரத்தக்குழாய் போகிற துளைக்கு முன்னாலேயே நின்றுவிடும் குட்டை ஸ்க்ரூ போடலாம். அல்லது சி2வின் பின்பக்கத்தில் தகடு போல இருக்கிற எலும்புக்குள், அதாவது லேமினாவுக்குள், குறுக்காக ஸ்க்ரூ விடலாம். இந்த இரண்டாவது முறை 2004இல் வந்தது, ரத்தக்குழாய் இருக்கிற இடத்துக்கே போகாது, எனக்கு இது ரொம்பப் பிடித்த வழி. ஆனால் அதற்கும் லேமினா தடிமனை அளந்தாகணும், ஒல்லியான பெண்களுக்குச் சில நேரம் அதுவும் போதாது.

இந்த மாதிரிக் கழுத்துக்கு அந்தக் காலத்தில் கம்பி சுற்றித்தான் கட்டுவார்கள், தலையில் வளையம் மாட்டி மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அப்புறம் மேகர்ல் முறை வந்தது, ஒரே ஸ்க்ரூவை சி2 வழியாக சி1க்குள் ஏற்றுவது. பிடிப்பு அபாரம், ஆனால் ரத்தக்குழாய் உயரத்தில் வளைகிறவர்களுக்கு அந்தப் பாதையே கிடையாது. சி1இல் தனி ஸ்க்ரூ, சி2இல் தனி ஸ்க்ரூ, நடுவில் தகடு என்று பிரித்து வைக்கும் முறையை மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1994இல் எழுதினார். ஜெர்மனியில் ஹார்ம்ஸ் 2001இல் அதையே ராடு, திருகும் தலை ஸ்க்ரூ என்று வைத்து எழுதினார். உலகம் முழுக்க இன்று கோயல்-ஹார்ம்ஸ் முறை என்றுதான் பேர். இரண்டு எலும்புக்கும் தனித்தனி ஸ்க்ரூ என்பதால் ஒவ்வொன்றுக்கும் இடத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், வலப்பக்கம் ஒரு மாதிரி, இடப்பக்கம் ஒரு மாதிரி. அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று பாருங்கள்.


சிடி அறை எழுதியது:

நான் ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். 3.8க்கும் 3.1க்கும் ஏன் வித்தியாசம் என்று சொல்கிறேன், இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

சிடியில் முதலில் வருகிற குறுக்குவெட்டுப் படம் மெஷினின் கோணத்தில் வெட்டப்பட்டது. சி2 பெடிக்கிள் அந்தக் கோணத்தில் இருக்காது, பின்னாலிருந்து முன்னால் போகப் போக உள்பக்கமாகவும் மேலேயும் சாய்ந்து போகும். முருங்கைக்காயைச் சாய்த்து வெட்டினால் வெட்டுமுகம் பெரிதாகத் தெரியும் இல்லையா, அதேதான். உங்கள் சர்ஜன் லேப்டாப்பில் திருப்பித் திருப்பிப் பார்த்தது வெட்டுக்கோட்டைப் பெடிக்கிளின் சாய்வோடு பொருத்தத்தான். அப்படிப் பொருத்தி, அதில் ரொம்பக் குறுகலான இடத்தைத் தேடி, அங்கே செங்குத்தாக அளந்தால்தான் ஸ்க்ரூவுக்கு உதவுகிற அளவு. ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் நேர் வெட்டில் அளந்திருக்கலாம், தப்பு என்று சொல்ல முடியாது, அவருக்கு வந்த ரெக்வஸ்ட்டில் வெறும் ‘கழுத்து சிடி’ என்று இருந்திருந்தால் அவ்வளவுதான் எதிர்பார்ப்பார்.

இன்னொன்று, படத்தின் நுணுக்கம். ஒரு சிடி படத்தில் பக்கத்துக்கு 512 புள்ளி. 500 மி.மீ. அகலத்தை அந்த 512இல் அடைத்தால் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 1 மி.மீ. கர்சரை ஒரு புள்ளி தள்ளி வைத்தாலே 3 மி.மீ. என்பது 4 மி.மீ. ஆகிவிடும். அதே ஸ்கேனை 160 மி.மீ. அகலத்துக்குக் கழுத்தை மட்டும் வைத்து மறுபடி படமாக்கினால் ஒரு புள்ளி 0.3 மி.மீ.க்கு வந்துவிடும். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்ப்பதால் இது கிடைக்காது, மெஷினில் இருக்கிற மூலத் தரவிலிருந்து எடுக்கணும், அதை நாங்கள் ரொம்ப நாள் வைத்திருப்பதில்லை. அதனால் ஸ்கேனுக்குப் போகும்போதே ஸ்க்ரூ பிளானிங்குக்காக என்று சர்ஜனிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஸ்லைஸும் 1 மி.மீ.க்குள் இருக்கணும். 3 மி.மீ. ஸ்லைஸில் எலும்பு ஓரமும் பக்கத்துத் திசுவும் ஒரே புள்ளியில் கலந்துவிடும், ஓரம் எங்கே என்றே தெரியாது. எலும்புக்கான விண்டோவில் (படத்தின் கறுப்பு வெளுப்பு அமைப்பில்) பார்க்காமல் சாதாரண விண்டோவில் பார்த்தாலும் எலும்பு தடித்துத் தெரியும்.

பெரிய கவரில் கொடுக்கிற ஃபிலிமை வைத்து யாரும் ஸ்கேலால் அளக்க வேண்டாம், அது சுருக்கி அச்சடித்த படம். குறுந்தட்டு அல்லது பென்டிரைவில் டைகாம் ஃபைலாகவே, அதாவது ஸ்கேன் படத்தின் டிஜிட்டல் வடிவத்திலேயே வாங்கி, மெல்லிய ஸ்லைஸ் சீரிஸ் அதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரம் தடிமன் சீரிஸை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

மறுபடி எடுக்க நேர்ந்தால் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, செயின் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் மஞ்சள் கிழங்கு கட்டின வெறும் கயிற்றோடு வருவார்கள், எங்களுக்கு அது போதும். உலோகப் பல் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், அதன் கோடுகள் சரியாக சி1, சி2 உயரத்தில்தான் விழும், கொஞ்சம் சாய்த்து எடுக்கப் பார்ப்போம். உயரத் தலையணை வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள், தலை முன்னால் குனிந்தால் நழுவல் கூடும். காலரோடேயே படுக்க வைக்கலாம். ஆன்ஜியோவுக்கு முன் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது வழக்கம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லணும்.


எலும்புப்பெட்டி எழுதியது:

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கிறேன். வலது 6.1, இடது 3.8 என்று பார்த்து ஒரு பக்கம் எலும்பு தேய்ந்துவிட்டதோ என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, பிறவி அமைப்பு.

வெர்டிப்ரல் ஆர்ட்டரி பெரும்பாலானவர்களுக்குக் கீழேயிருந்து ஆறாவது கழுத்தெலும்பின் பக்கத் துளையில் நுழைந்து ஒவ்வொரு எலும்பாக மேலே ஏறும். சி2க்குள் வந்ததும் நேராகப் போகாமல் வெளிப்பக்கமாக வளைந்து சி1க்குப் போகும். அந்த வளைவு சிலருக்கு உள்ளேயும் உயரமாகவும் ஏறி எலும்பைக் குடைந்திருக்கும். குடைந்த அளவுக்குப் பெடிக்கிள் மெலியும், மேலே இருக்கிற எலும்பின் உயரமும் குறையும். அந்த உயரம் 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே, இல்லையென்றால் துளையின் கூரைக்கு மேல் மிஞ்சுகிற எலும்பு 2 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஹை ரைடிங் என்பார்கள். ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு ஒரு பக்கமாவது இப்படி இருக்கும், அதனால் உங்கள் அம்மாவுக்கு ஏதோ அபூர்வக் கோளாறு என்று எண்ண வேண்டாம். எங்கள் துறையில் இருக்கிற காய்ந்த சி2 எலும்பை மாணவர்கள் கையில் கொடுத்துக் கீழேயிருந்து பார்க்கச் சொன்னால் ஒரு பக்கத் துளை பெரிய குழியாகவும் மறுபக்கம் சின்னதாகவும் இருப்பதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தால் ஒரே எலும்பில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும்.

புத்தகத்தில் போட்டிருக்கிற சராசரியை நான் மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்வதே இல்லை. சி3, சி4 பெடிக்கிள் குறுகல், சி2வும் சி7உம் அகலம், சி3 முதல் சி5 வரை உள்பக்கமாக 40 பாகைக்கு மேல் சாய்வு என்கிற போக்கு தெரிந்தால் போதும். மேஜையில் படுத்திருப்பவருக்குச் சராசரிக் கழுத்து இருக்காது.

சி1இலும் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தக்குழாய் சி1இன் பின்வளைவின் மேல் ஒரு பள்ளத்தில் கிடக்கும். நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் அந்தப் பள்ளத்துக்கு மேல் ஒரு எலும்புப் பாலம் இருக்கும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பின்வளைவு நல்ல தடிமனாக இருப்பது போலத் தெரியும், அதை நம்பி அதன் வழியாக ஸ்க்ரூ விட்டால் உள்ளே இருப்பது ரத்தக்குழாய். சிடியில் இது மறைக்க முடியாமல் தெரிந்துவிடும்.


வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படித்ததும் தம்பியிடம் காட்டினேன், வீட்டில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. நெல்லைச்சீமை, உங்கள் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை, வீட்டிலும் அதே பேச்சு ஓடியது. டாக்டர், இன்னும் சில கேள்வி. ஸ்க்ரூ எங்கே போகிறது என்று திரையில் காட்டுகிற நேவிகேஷன் மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமா? ரத்தக்குழாய்க்குத் தனியாகப் படம் எடுத்தது எதற்கு, துளை எங்கே என்று எலும்பிலேயே தெரிகிறதே? அப்புறம் அம்மா கேட்பது ஒன்றே ஒன்று, ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்து திரும்புமா?


தண்டுவடம் எழுதியது:

துளையைப் பார்த்தால் குழாய் எங்கே என்று தெரியும், எந்தக் குழாய் முக்கியம் என்று தெரியாது. இரண்டு வெர்டிப்ரல் ஆர்ட்டரியும் மேலே போய்ச் சேர்ந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் கொடுக்கின்றன. பலருக்கு ஒன்று பெரிது, ஒன்று சின்னது, இடது பெரிதாக இருப்பவர்கள் அதிகம். அம்மாவுக்குக் குறுகலான இடப்பக்கத்தில்தான் பெரிய குழாய் ஓடுகிறதா என்பதை ஆன்ஜியோ சொல்லும். ஓடினால் அந்தப் பக்கம் லேமினா வழிதான் என்று நான் இன்னும் உறுதியாகச் சொல்வேன். ஒரு பக்கம் ரத்தக்குழாயில் காயம் பட்டால் மறுபக்கத்தில் ஆபத்தான ஸ்க்ரூ எதையும் முயற்சிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம், எந்தப் பக்கத்தை முதலில் போடுவது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்வோம்.

நேவிகேஷன் நல்லது, இருந்தால் நான் பயன்படுத்துவேன். ஆனால் அதுவும் படத்தை நம்பி ஓடுகிறது. சிடி எடுக்கும்போது அம்மா மல்லாந்து படுத்திருந்தார், ஆபரேஷனில் குப்புறப் படுப்பார். நழுவுகிற கழுத்தில் சி1க்கும் சி2க்கும் இடையே இருக்கும் உறவு அதற்குள் மாறிவிடும். பழைய படத்தோடு இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பதிவு செய்தால் திரையில் ஓரிடம், நிஜத்தில் ஓரிடம் என்று ஆகலாம். அதனால் ஒவ்வொரு எலும்பையும் தனியாகப் பதிவு செய்வார்கள், அல்லது குப்புறப் படுக்க வைத்த பிறகு அங்கேயே ஸ்கேன் எடுப்பார்கள். சி2 பெடிக்கிளின் உள்ஓரத்தைக் கருவியால் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூ போடப் பழகின கை நேவிகேஷன் இல்லாமலும் நன்றாகச் செய்யும். இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிறவரா என்று கேளுங்கள், மெஷினைவிட எனக்கு அது முக்கியம்.

ஸ்டீராய்டு எடுக்கிறார் என்றீர்கள். அதே சிடியில் எலும்பின் அடர்த்தியையும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணாகப் பார்க்கலாம், தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000 என்கிற அளவுகோல், புதிதாக ஸ்கேன் வேண்டாம். எண் ரொம்பக் குறைவாக வந்தால் பிடிப்புக்காகக் கூட ஒரு எலும்பைச் சேர்க்க வேண்டியிருக்கலாம், சி3 வரை ராடு நீளலாம். இதைக் கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு: கழுத்து இடவலமாகத் திரும்புவதில் கிட்டத்தட்டப் பாதி சி1, சி2 நடுவில்தான் நடக்கிறது, சேர்த்துவிட்டால் அது போய்விடும். தலையை மேலும் கீழும் ஆட்டுவது, குனிவது, நிமிர்வது பெருமளவு இருக்கும். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டியிருக்கும், ரோட்டைக் கடக்கும்போது யாராவது கூட இருக்கட்டும். ஊக்கு மாட்டுவது, நடை இதெல்லாம் எவ்வளவு திரும்பும் என்பது தண்டுவடம் எத்தனை நாள் நசுங்கி இருந்தது என்பதைப் பொறுத்தது, அதனால் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் முடிந்து இன்னொரு சிடி எடுப்பார்கள், ஸ்க்ரூ போன பாதையை அதே சாய்வு வெட்டில் பார்ப்பதற்கு. அந்த ஃபைலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழையதோடு சேர்த்து.